புல்தரையை எடுத்துப் பூப்பாத்தி போட: முதலில் புல்லின் அடியைப் பாருங்கள்

புல்தரையில் ஒரு பகுதியை எடுத்துவிட்டுப் பூச்செடி வைக்க நினைப்பவர்கள் வழக்கமாகக் கேட்பது, வெட்டி எடுப்பதா, மூடிச் சாகடிப்பதா என்றுதான். அது என்ன புல் என்று தெரியாமல் இதற்குப் பதில் சொல்ல முடியாது. ஒரு வகைப் புல்லின் மேல் அட்டை விரித்து மட்கு கொட்டினால் சில மாதங்களில் கதை முடிந்துவிடும். இன்னொரு வகைக்கு அதே அட்டையும் மட்கும் விருந்து வைத்த மாதிரி.

ஆகவே முதல் வேலை, பாத்தி வரப்போகும் இடத்தில் அரையடிச் சதுரமாக, ஆறு அங்குல ஆழத்துக்கு ஒரு கட்டியைத் தோண்டி எடுப்பது. மண்ணை உதறிவிட்டு என்ன மிஞ்சுகிறது என்று பாருங்கள். நார் நாராக வேர் மட்டும் தொங்கினால் அது கொத்தாக வளரும் புல். உயர ஃபெஸ்க்யூ, ரை போன்றவை இப்படி இருக்கும். எந்த முறைக்கும் இவை பணியும். மண்ணுக்கு மேலே தடித்த தண்டு படர்ந்து, கணுவுக்குக் கணு வேர் விட்டிருந்தால், அகன்ற இலையுள்ள செயின்ட் அகஸ்டின் போன்ற புல்லாக இருக்கலாம். பஃபலோ புல் என்றும் இதைச் சொல்வார்கள். பார்க்க முரடாக இருந்தாலும் இதன் தண்டுகள் மேலேயே ஓடுவதால் எடுப்பது எளிது.

மண்ணுக்குள்ளே வெள்ளையாக, கூர் முனையோடு, கணுக்கணுவாகத் தண்டு ஓடினால்தான் கவனம் வேண்டும். அருகம்புல்லுக்கு மேலே ஓடும் தண்டும் உண்டு, உள்ளே ஓடும் தண்டும் உண்டு. பெர்முடா என்ற பெயரில் புல்தரைக்கு விற்கப்படுவதும் இந்தக் குடும்பந்தான். உள்தண்டுகளில் பெரும்பாலானவை மேல் ஆறு அங்குலத்துக்குள் இருக்கும், இளகிய மண்ணில் அதற்கும் கீழே போகும். ஒரு கணு உள்ள துண்டு மிஞ்சினாலும் அது தனிச் செடியாகத் துளிர்க்கும். கொரியன் புல்லுக்கும் இரு வகைத் தண்டும் உண்டு, ஆனால் அது மெதுவாக வளர்வதால் விரட்டிப் பிடிக்க நேரம் கிடைக்கும்.

நான்காவதாக ஒன்றும் கிடைக்கலாம்: மணி மணியாகக் கறுத்த சிறு கிழங்குகள். அப்படியென்றால் புல்லுக்கு நடுவே கோரை இருக்கிறது. தண்டை விரல்களுக்கு நடுவே உருட்டினால் மூன்று பட்டை தெரியும். கோரை புல்லினமே அல்ல. புல்லுக்குச் செய்வதெல்லாம் அதற்குப் போதாது என்பதால் தனியாகப் பின்னால் வருகிறேன்.

இடமும் அளவும்

குழாயைத் தரையில் வளைத்துப் போட்டுப் பாத்தியின் உருவத்தைப் பாருங்கள். இரண்டு பக்கமிருந்தும் கை எட்டும் பாத்தி என்றால் நான்கு அடி அகலம் வரை வைக்கலாம். சுவரோரமாக, ஒரு பக்கத்திலிருந்து மட்டும் எட்ட வேண்டுமென்றால் இரண்டு அல்லது இரண்டரை அடியோடு நிறுத்துங்கள். அதற்கு மேல் போனால் களை பறிக்க உள்ளே மிதிக்க வேண்டிவரும், மிதித்த இடம் இறுகிப்போகும். வளைவுகளைப் புல்வெட்டும் இயந்திரம் திரும்பும் அளவுக்கு நீளமாக இழுத்து விடுங்கள். சின்னச் சின்ன நெளிவுகள் கோட்டில் அழகாகத் தெரியும், வாராவாரம் புல் வெட்டும்போது தொல்லை.

கத்தியைக் கீழே இறக்குமுன் மின்கம்பி, தண்ணீர்க் குழாய், தெளிப்பான் குழாய் எங்கே ஓடுகின்றன என்று தெரிந்திருக்க வேண்டும். பெரிய மரத்தடியில் பாத்தி போடுவதாக இருந்தால் வெட்டி எடுக்கும் முறையையே விட்டுவிடுங்கள். மரம் உணவு உறிஞ்சும் மெல்லிய வேர்கள் பெரும்பாலும் மேல் ஓரடிக்குள்தான் இருக்கும். புல்லோடு அவையும் போய்விடும்.

இன்னொன்றையும் யோசித்துக்கொள்ளுங்கள். அந்தப் புல்தரைக்கு அண்மையில் மருந்து அடித்திருக்கிறதா? புல்லை விட்டுவிட்டு அகன்ற இலைக் களைகளை மட்டும் கொல்லும் மருந்துகள் உண்டு. பூச்செடிகளில் பெரும்பாலானவை அகன்ற இலைச் செடிகள்தானே! களை விதை முளைக்காமல் தடுக்கும் மருந்து போட்டிருந்தால் பூ விதையும் முளைக்காது. டப்பாவின் மேல் எழுதியிருக்கும் காத்திருப்புக் காலத்தைப் படித்துவிட்டு நாள் குறியுங்கள்.

பத்தையாக வெட்டி எடுத்தல்

இந்த வாரமே நட வேண்டும் என்றால் இதுதான் வழி. முதல் நாள் தண்ணீர் விட்டு, அடுத்த நாள் வெட்டுங்கள். காய்ந்த மண்ணில் பத்தை உதிர்ந்துபோகும். சேறாக இருந்தால் எடை இரட்டிப்பாகத் தோன்றும், மிதிக்கிற இடமெல்லாம் களிமண் செங்கல்லாகிவிடும். கையில் பிடித்து அமுக்கினால் உருண்டையாகி, விரலால் தட்டினால் உடையும் பதம் சரியானது.

தட்டையான, கூர் தீட்டிய மண்வாரியால் ஓரடி அகலத்துக்கு இணை கோடுகள் கீறுங்கள். ஆழம் இரண்டு அங்குலம் போதும். பிறகு குறுக்கே ஒன்றரை அடிக்கு ஒன்றாக வெட்டி, மண்வாரியைக் கிட்டத்தட்டப் படுக்கவைத்துப் புல்லின் வேர்மட்டத்துக்கு அடியில் செலுத்தித் தூக்குங்கள். மண்வெட்டியிலேயே பழகிய கைக்கு அதுவும் நன்றாக வரும். வெட்டாமல் சீவ வேண்டும், அவ்வளவுதான். முனை மழுங்கினால் உடனே தெரியும்: பத்தை சீராக வராமல் ஒரு பக்கம் தடித்தும் ஒரு பக்கம் மெலிந்தும் வரும். நடுவே நிறுத்தி அரம் போட்டுக்கொள்வது முதுகுக்கு நல்லது.

எடையைக் குறைத்து மதிப்பிடாதீர்கள். பத்தடிக்கு மூன்றடிப் பாத்தியில் இரண்டு அங்குலம் சீவினால் ஏறக்குறைய 140 லிட்டர் மண்ணும் வேரும் வரும். ஈரத்தோடு 150 முதல் 200 கிலோ. தள்ளுவண்டியும் குவிக்க ஓர் இடமும் தயாராக இல்லாமல் ஆரம்பித்தால் பாதியில் நிற்கும். இருநூறு முந்நூறு சதுர அடிக்கு மேல் போனால் பத்தை வெட்டும் இயந்திரத்தை வாடகைக்கு எடுப்பதே அறிவு. ஆனால் மரவேர், கல், தெளிப்பான் தலை இருக்கும் இடத்தில் அது திணறும்.

கொத்துப்புல்லும் மேலே படரும் புல்லும் இரண்டு அங்குலத்தில் முழுதாக வந்துவிடும். அருகம்புல்லாக இருந்தால் பத்தையை எடுத்தபின் பாதி வேலைதான் ஆகியிருக்கிறது. கவைமுள்ளை, அதாவது தோட்ட முட்கரண்டியை, முழு ஆழத்துக்கு இறக்கி, மண்ணை நெம்பி உடைத்து, வெள்ளைத் தண்டுகளைக் கையால் உருவுங்கள். இங்கே மண்வெட்டி கூடாது. வெட்டுகிற ஒவ்வொரு வெட்டும் ஒரு தண்டை இரண்டாக்கும். இழுக்கும்போது அறுந்தால் அறுந்த முனையைத் தேடிப்போய் மிச்சத்தையும் எடுங்கள். பத்து சதுர அடிக்கு ஒரு மணி நேரம் ஆனாலும் பரவாயில்லை, இந்த மணி நேரம் பிற்பாடு பல மடங்காகத் திரும்பக் கிடைக்கும்.

எடுத்த பத்தைகளைத் தூக்கி எறியாதீர்கள், அதிலிருப்பது தோட்டத்தின் மேல்மண். புல் பக்கம் கீழே இருக்கும்படி அடுக்கி, கறுப்பு ஷீட்டால் வெளிச்சம் புகாமல் மூடினால் ஆறு மாதம் முதல் ஒரு வருடத்தில் நல்ல மண்ணாகும். புல்தரையில் வேறெங்காவது வழுக்கை விழுந்திருந்தால் அன்றைக்கே அங்கே பதித்துத் தண்ணீர் விடலாம். அருகும் கோரையும் இருக்கும் பத்தையை மட்டும் குவியலில் சேர்க்க வேண்டாம். தண்டும் கிழங்கும் வெயிலில் மொறமொறவென்று காய்ந்த பிறகுதான் அவற்றை நம்பலாம்.

மூடிச் சாகடித்தல்

அவசரம் இல்லையென்றால் என் ஓட்டு இதற்கே. மேல்மண் போவதில்லை, புல்லே மட்கி உரமாகிறது, மண்புழுக்கள் இடம் மாறுவதில்லை. ஒரே நிபந்தனை, வெளிச்சம் துளிகூடப் புகக்கூடாது.

புல்லை முடிந்த மட்டும் ஒட்ட வெட்டுங்கள். வெட்டிய புல்லை அங்கேயே விடலாம். தரையை நன்றாக நனையுங்கள். புல்லுக்கடியில் காய்ந்த சருகு அரை அங்குலத்துக்கு மேல் மெத்தைபோல் சேர்ந்திருந்தால் தண்ணீர் அதன் மேலேயே வழிந்தோடும், ஆகவே மெதுவாக, இரண்டு மூன்று தடவையாக விடுங்கள். பிறகு பழுப்பு அட்டைப்பெட்டிகளைப் பிரித்து விரியுங்கள். ஒட்டுநாடா, கம்பிப் பின் எல்லாவற்றையும் முன்பே உரித்துவிட வேண்டும். அட்டை மட்கிப்போகும், ஒட்டுநாடா வருடக்கணக்கில் மண்வாரியில் மாட்டிக்கொண்டே இருக்கும். பளபளப்பான வண்ண அட்டை வேண்டாம். ஒன்றின் மேல் ஒன்று ஆறு முதல் எட்டு அங்குலம் ஏறியிருக்கட்டும். இந்த ஏற்றம் குறைவதுதான் இந்த முறை தோற்பதற்கு முதல் காரணம். புல் முட்டி மேலே வருவது குறைவு, பக்கவாட்டில் ஊர்ந்து இடுக்கைக் கண்டுபிடித்து வருவதே அதிகம். செய்தித்தாள் என்றால் எட்டுப் பத்துத் தாள் கனம் வேண்டும்.

அட்டையை ஊறும்வரை நனைத்து, மேலே மூன்று நான்கு அங்குலம் மட்கு, அதற்கும் மேலே இரண்டு மூன்று அங்குலம் மரச்சில்லோ சருகோ மூடாக்கு. பத்துக்கு மூன்றடிப் பாத்திக்கு மூன்று அங்குல மட்கு என்றால் 210 லிட்டர் தேவைப்படும். அட்டை காய்ந்துவிட்டால் மட்காது, தண்ணீரையும் கீழே விடாது. மழையில்லாத வாரங்களில் நனைத்துக்கொண்டே இருங்கள். வெயிலும் ஈரமும் உள்ள காலத்தில் இரண்டு மூன்று மாதத்தில் கொத்துப்புல் செத்துவிடும். குளிர்காலத்தில் ஆறு மாதம்கூட ஆகலாம். புல் உறங்கும் காலத்தில் மூடினால் அதற்குச் சேமிப்பு செலவாவதில்லை, சும்மா காத்திருக்கும்.

கறையான் உள்ள இடங்களில் அட்டையையும் மரச்சில்லையும் வீட்டுச் சுவர் வரை கொண்டுபோகக் கூடாது. சுவரிலிருந்து ஓரடி வெறும் தரையாகவோ ஜல்லியாகவோ இருக்கட்டும்.

காத்திருக்காமல் அட்டை போட்ட அன்றே நடலாமா? கொத்துப்புல்லாக இருந்தால் நடலாம். நாற்று வைக்கும் இடத்தில் மட்டும் அட்டையைக் குறுக்கே கீறி, அடியிலிருக்கும் புல்லை ஒரு சாண் வட்டத்துக்குக் கட்டியாக எடுத்துவிட்டு, வேர் மண்ணில் படும்படி நடுங்கள். மட்கிலேயே வேரை நிறுத்தினால் முதல் வறட்சியிலேயே வாடும். அருகின் மேல் இப்படிச் செய்யவே கூடாது. கீறிய ஒவ்வொரு ஓட்டையும் அதற்கு வாசல்.

அருகைத் தனியாக அட்டை அடக்காது. அதற்குக் கனமான கறுப்பு ஷீட்டோ தார்ப்பாயோ போட்டு, வளரும் பருவம் முழுதும் விட வேண்டும். பாத்தியின் எல்லையைத் தாண்டி எல்லாப் பக்கமும் ஓரடி கூடுதலாக மூடுங்கள். வெளியே பச்சையாக இருக்கும் இலை, உள்ளே இருட்டில் இருக்கும் தண்டுக்குச் சாப்பாடு அனுப்பிக்கொண்டே இருக்கும். அந்த இணைப்பை வெட்டாமல் உள்ளே மட்டும் மூடுவதில் பயனில்லை. ஓரமாக மண்வாரியை அரையடி ஆழத்துக்கு இறக்கிச் சுற்றிலும் அறுத்துவிட்டு மூடினால் பலன் தெரியும்.

வெயிலில் வேகவைத்தல்

இதில் கறுப்பு ஷீட் வேண்டாம், கண்ணாடிபோன்ற தெளிவான பாலித்தீன்தான் வேண்டும். ஒளி உள்ளே போய் மண்ணைச் சூடாக்க வேண்டும், சூடு வெளியேறக் கூடாது. கனம் 25 முதல் 50 மைக்ரான். ஆண்டின் உச்ச வெயில் காலத்தில் நான்கு முதல் ஆறு வாரம். புல்லை ஒட்ட வெட்டி, கல் கட்டி இல்லாமல் சமப்படுத்தி, ஓரடி ஆழம் வரை ஈரமாகும்படி தண்ணீர் விட்டு, ஷீட்டைத் தரையோடு ஒட்ட இழுத்து விரியுங்கள். நான்கு ஓரத்தையும் ஆறு அங்குலப் பள்ளத்தில் புதைத்து மண் போட்டு மிதிக்க வேண்டும். காற்று நுழைந்தால் சூடு போயிற்று. ஈரமண் சூட்டைக் கீழே கடத்தும், காய்ந்த மண் கடத்தாது.

பாதிநாள் நிழல் விழும் இடத்தில் இது வேலைக்கு ஆகாது. சொல்லப்போனால் எதிர்ப்பலன்: சூடு போதாமல், ஷீட்டுக்கடியில் வெதுவெதுப்பான ஈரத்தில் புல் செழிக்கும். நல்ல வெயிலிலும் மேல் சில அங்குலம்தான் உண்மையில் வேகும். புல்லும் களை விதையும் செத்துவிடும், ஆழத்தில் இருக்கும் அருகுத் தண்டில் ஒரு பங்கு பிழைக்கும்.

மண் கிளறும் இயந்திரமும் களைக்கொல்லியும்

உயிருள்ள புல்தரையில் நேராக ரோட்டவேட்டரை விடுவதை நான் எதற்கும் பரிந்துரைப்பதில்லை. அருகுத் தரையில் அது நாற்று நடும் இயந்திரம். கொத்துப்புல்லிலும் புதைந்து கிடந்த களை விதைகளையெல்லாம் வெளிச்சத்துக்குக் கொண்டுவரும்.

கிளைபோசேட் போன்ற களைக்கொல்லிக்கு ஊருக்கு ஊர் சட்டம் வேறு. உங்கள் இடத்தில் வீட்டுத் தோட்டத்துக்கு அனுமதி உண்டா என்று முதலில் பாருங்கள். அனுமதி இருந்து அடிப்பவர்கள் செய்யும் பிழைகள் பெரும்பாலும் இவை: அடிக்கும் முன் புல்லை வெட்டிவிடுவது, வாடிய புல்லில் அடிப்பது, கலங்கல் தண்ணீரில் கலப்பது. மருந்து இலை வழியே போய் வேரை அடைய வேண்டும். இலை இல்லாவிட்டாலும் செடி வளர்ச்சியின்றி நின்றாலும் அது நகராது. மண் துகளோடு ஒட்டிக்கொண்டால் வேலை செய்யாது. அடித்த அன்றே தோண்டாமல் ஒன்றிரண்டு வாரம் விட வேண்டும். அருகுக்கு ஒரு தடவை போதாது, மறுதுளிர் நன்றாக இலை விட்ட பிறகு திரும்பவும்.

கோரை

கோரைக் கிழங்குகள் சரம் சரமாகக் கோத்திருக்கும். மேலே பிடுங்கினால் சரம் அறுந்து, உறங்கிக்கொண்டிருந்த கிழங்கு முளைக்கும். கூர்முனையால் மெல்லிய பாலித்தீனைக்கூடத் துளைத்து வரும், அட்டையைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். இருக்கும் வழி இரண்டு. ஒன்று, ஓரடி ஆழம் வரை தோண்டிச் சல்லடையில் சலித்துக் கிழங்கை எடுப்பது. மற்றது, முளைத்து நான்கைந்து இலை வருமுன் ஒவ்வொரு தடவையும் அகற்றி, கிழங்கின் சேமிப்பைத் தீர்ப்பது. இரண்டாவது வழிக்கு ஒரு பருவம் பத்தாது. கோரை அடர்ந்த மூலையில் பாத்தி போடும் திட்டத்தையே பத்தடி தள்ளி வைப்பது கௌரவக் குறைச்சல் ஆகாது.

நடுமுன்

வெட்டி எடுத்த பாத்தியில் மண் மட்டம் இரண்டு அங்குலம் இறங்கியிருக்கும், அதை மட்கால் நிரப்புங்கள். கவைமுள்ளால் எட்டுப் பத்து அங்குலம் வரை நெம்பி இளக்கி, மட்கை மேல் ஆறு அங்குலத்தோடு கலந்தால் போதும். பச்சை மரச்சில்லை மண்ணுக்குள் கலக்காதீர்கள். அது மட்கும்போது நுண்ணுயிர்கள் தழைச்சத்தை இழுத்துக்கொள்ளும், செடி மஞ்சளாகும். மேலே மூடாக்காகப் போட்டால் இந்தத் தொல்லை இல்லை. ஓரத்தில் மூடாக்கையும் சேர்த்த மட்டம் பக்கத்துப் புல்தரையைவிட ஓர் அங்குலம் தாழ்ந்திருந்தால் மழையில் மண் புல்லுக்கு ஓடாது. தண்ணீர் தேங்கும் களிமண் இடமென்றால் மட்டும் நடுவை மேடாக்குங்கள்.

தோண்டும்போது வளைந்து சுருண்ட வெள்ளைப் புழுக்கள் கண்ணில் படும். புல்வேரைத் தின்று வாழ்பவை அவை. புல் போய்விட்டால் அடுத்து உங்கள் நாற்றின் வேர்தான். கையால் பொறுக்கி எடுத்துவிடலாம். மண்ணைக் கிளறி ஒன்றிரண்டு நாள் திறந்து விட்டால் பறவைகள் மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும்.

பிறகு ஒரு காரியம் செய்யுங்கள், பலர் தவிர்ப்பது இது: எதையும் நடாமல் தண்ணீர் மட்டும் விட்டு இரண்டு மூன்று வாரம் சும்மா விடுங்கள். மிஞ்சிய தண்டும் மேலே வந்த விதையும் முளைக்கும். இரண்டு மூன்று இலை விட்டதும், விதையில் வந்ததைக் களைக்கொட்டால் மேலோட்டமாகச் சீவிவிடலாம். அருகுத் துளிரைச் சீவாமல், முட்கரண்டியால் நெம்பித் தண்டோடு எடுங்கள். ஆழமாகக் கிளறினால் அடுத்த தொகுதி விதை மேலே வரும்.

அருகு இருந்த இடத்தில் முதல் வருடம் பல்லாண்டுச் செடிகளை நடாமல் சாமந்தி, ஜினியா, காஸ்மாஸ் போன்ற ஒரு பருவப் பூக்களைப் போடுவதே என் கட்சி. பருவம் முடிந்ததும் பாத்தி முழுதும் காலியாகும், தப்பிய தண்டுகளை இன்னொரு முறை தேடலாம். பல்லாண்டுச் செடியின் வேர்க்கொத்துக்குள் அருகு புகுந்துவிட்டால், செடியைத் தோண்டி வேரைத் தண்ணீரில் அலசி, தண்டை ஒவ்வொன்றாக உருவி எடுப்பதைத் தவிர வழியில்லை. நண்பர்கள் பிரித்துக் கொடுக்கும் செடிகளின் வேரையும் இதே கண்ணோடு பாருங்கள். சுத்தமான பாத்திக்குள் புல் அப்படியும் வரும்.

மூடாக்கு இரண்டு மூன்று அங்குலம் போதும், தண்டைத் தொடாமல் இரண்டு அங்குலம் விலகி இருக்கட்டும். நேரடி விதைப்பு என்றால் விதை முளைத்து நாற்று ஒரு விரல் உயரம் வரும்வரை மூடாக்கே வேண்டாம்.

ஓரம்

புதுப்பாத்திக்குள் புல் திரும்புவது பெரும்பாலும் ஓரம் வழியாகத்தான். மலிவான தடுப்பு ஒரு பள்ளம்: புல்தரைப் பக்கம் செங்குத்தாக நான்கு முதல் ஆறு அங்குலம் வெட்டி, பாத்திப் பக்கம் சரிவாகச் சீவி விடுங்கள். மேலே ஓடிவரும் தண்டு அந்தரத்தில் நீட்டிக்கொண்டு நிற்கும், கத்தரிக்க எளிது. பள்ளத்தை மூடாக்கால் நிரப்பிவிட்டால் பாலம் போட்டுக் கொடுத்ததாகும், காலியாக வையுங்கள். வளரும் காலத்தில் நான்கு முதல் ஆறு வாரத்துக்கு ஒருமுறை மண்வாரியால் கோட்டைத் திரும்ப வெட்ட வேண்டும்.

அருகுக்குத் தகடு புதைப்பதானால் எட்டு முதல் பன்னிரண்டு அங்குல ஆழமும், தரைக்கு மேலே ஓரிரண்டு அங்குலமும் வேண்டும். நான்கு அங்குல அழகுத் தகடுகளுக்கு அடியில் அது போகும், மண் மட்டத்தில் வைத்தால் மேலேயும் ஏறும். தகடுகள் சேரும் இணைப்பில் இடைவெளி விடாமல் ஒன்றன் மேல் ஒன்று ஏற்றிப் பொருத்துங்கள். தகட்டுக்குப் புல்தரைப் பக்கத்தில் ஒரு வரிசை செங்கல்லைப் புல் மட்டத்துக்குப் பதித்தால் இயந்திரத்தின் சக்கரம் அதன் மேல் ஓடும், ஓரப் புல்லைத் தனியாகக் கத்தரிக்கும் வேலை மிச்சம். முதல் மூன்று மாதம் வாரம் ஒருமுறை ஓரத்தைச் சுற்றி வந்து, பாத்திக்குள் தலை நீட்டும் தண்டை இலை மூன்றாகும் முன்பே முட்கரண்டியால் நெம்பி அடியோடு எடுங்கள்.